படக்கண்ணாடி

டார்ச்சை இன்னும் கொஞ்சம் கீழே பிடிங்க சார் என்று பிரஜ்வல் சொன்னான், பிடித்தேன். அறுபத்திரண்டு வயதில் என் பட்டறையில், என் மேசை முன்னால், என் டார்ச்சை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பழைய மெஷின் வாங்கப் பெங்களூரிலிருந்து வந்த ஒருவன் சொல்லித் தருகிறான், நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மரச்சட்டத்தில் நிமிர்ந்து நிற்கிறது மூன்லைட் ஃபெர்ரி மெஷினின் படக்கண்ணாடி. காசு போட்டு இரும்புப் பந்தை அடித்து ஆடுகிற பின்பால் மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆடுகிற பலகைக்கு மேலே தலைமாட்டில் விளக்குப் போட்டு நிற்குமே, படமும் ஸ்கோரும் காட்டிக்கொண்டு, அதுதான். நிலா, ஆறு, படகு, படகில் குழல் ஊதுகிற தொப்பிக்காரன், கைதட்டுகிற நாலு பேர், நடுவில் வாய்விட்டுச் சிரிக்கிற ஒருத்தி. படம் தெரிகிற முன்பக்கம் என்னைப் பார்த்து இருக்கிறது. பெயின்ட் இருக்கிற பின்பக்கம் அவனைப் பார்த்து இருக்கிறது. நான் இங்கிருந்து வெளிச்சம் அடிக்க வேண்டும், அவன் அங்கிருந்து பஞ்சுக் குச்சியைச் சின்ன பாட்டிலில் நனைத்துத் துடைப்பான். எதைத் துடைப்பான்? நடுவில் சிரிக்கிறவளின் முகத்தை. அது மட்டும் பின்னால் யாரோ வரைஞ்சது சார், மத்ததெல்லாம் ஒரிஜினல் இங்க், இது சாதாரண எனாமல், அடியில பழைய முகம் இருக்கும், எடுத்துப் பாத்துரலாமா என்று கேட்டான். கேட்டான், அதைச் சொல்ல வேண்டும், மரியாதை தெரிந்தவன்தான். அதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டான், இது யாரு முகம் சார், யாரையோ பாத்து வரைஞ்ச மாதிரி இருக்கே என்று. தெரியலீங்க என்றேன். அந்த ஒரு வார்த்தையை ஏன் சொன்னேன் என்று கால் மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் சம்சாரம்ங்க என்று சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும். ஆனால் எப்படிச் சொல்வது. முப்பது வருஷமாக அவளிடமே சொன்னதில்லை, அவள் கேட்டபோதுகூட இல்லையென்று சாதித்தவன், முன்னேபின்னே தெரியாதவனிடம் எப்படிச் சொல்வேன். தெரியலீங்க. வாயில் தயாராக இருந்தது போல வந்துவிட்டது.

இப்போது சொல்ல வேண்டியது அதுகூட இல்லை, வேறு ஒரு வாக்கியம். அடியில ஒண்ணும் இல்லீங்க, பழைய முகத்தைத் தொடச்சதே நாந்தான். இதைச் சொன்னால் போதும், குச்சியைக் கீழே வைத்துவிடுவான், அடியில் ஒன்றும் இல்லாத இடத்தைத் துடைக்க அவனுக்கென்ன பைத்தியமா. ஆனால் அதைச் சொன்னால் நான் யார் என்று ஆகும். கோயமுத்தூரில் பின்பால் என்றால் திருமூர்த்தி என்று இவனே போனில் சொன்னான், மோட்டார் காயில் சுற்றுகிறவர் எங்க காயிலையும் சுற்றித் தருவாராமே என்று. அந்தத் திருமூர்த்தி பனியன் வேஸ்ட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் படக்கண்ணாடியின் பின்பக்கத்தைத் துடைத்தான் என்றால் சிரிப்பான். சிரிக்காமல் இருந்தால் அது இன்னும் மோசம். இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான், பின்பக்கம் கை வைக்காதே. எனக்கு யார் பாடம் சொன்னார்கள். பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துக் கழுவிச் சுற்றி வார்னிஷ் முக்கிக் காயவைக்கிறவனுக்கு அழுக்கு என்றால் துடைக்க வேண்டியது, அவ்வளவுதான். வால்பாறையில் மூடிப்போன எஸ்டேட் கிளப்பிலிருந்து இந்த மெஷினை லாரியில் தேயிலைப் பெட்டிகளோடு இறக்கினேன், தொண்ணூற்று ஐந்தோ ஆறோ, மழைக்காலம், உள்ளே பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி முன்பக்கம் துடைத்தேன், பளிச்சென்று ஆனது. திருப்பினேன். ஒரே இழுப்பு. கையை எடுத்துப் பார்த்தால் பனியன் வேஸ்ட்டில் ஒரு கன்னமும் ஒரு கண்ணும் இருந்தன. அந்த வெள்ளைக்காரி எப்படி இருந்தாள் என்று இப்போது கேட்டால் தெரியாது, முழுசாகப் பார்க்கக்கூட இல்லை, பார்க்கிறதுக்கு முன்னால் துடைத்துவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கீறல் விழுந்திருந்தது, டச்சப் செய்தேன் என்றுதான் சொன்னேன். முப்பது வருஷம் ஒரே பொய்யைச் சொன்னால் அது வீட்டு மரம் போல நின்றுவிடுகிறது, வெட்டக் கை வருவதில்லை. சார், வெளிச்சம் ஆடுது, என்றான் பிரஜ்வல். வயசுங்க தம்பி, என்றேன். இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் குச்சி மஞ்சளும் பழுப்புமாக வந்தது. இரண்டாவதும் அப்படியே. அதையெல்லாம் ஒரு எவர்சில்வர் மூடியில் வரிசையாக வைக்கிறான், ஆஸ்பத்திரியில் ரத்தம் துடைத்த பஞ்சை வைப்பது போல. என் பக்கத்தில் ஒன்றுமே மாறவில்லை, அதுதான் கொடுமை. முகம் அப்படியே சிரிக்கிறது. கண்ணாடியில் பின்னாலிருந்து வரைகிறவன் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும், முதலில் கண்ணின் வெள்ளைப்புள்ளி, பல், உதட்டின் மினுக்கு, அப்புறம் கருமணி, உதடு, கடைசியில்தான் தோல். சிகாமணி என்னைத் திட்டிக்கொண்டே செய்தார். தியேட்டர் பேனர் வரைகிற மனுஷன், பத்தடிக் கண்ணை ஏணியில் நின்று அரை நாளில் போடுகிறவர், உள்ளங்கை அளவு முகத்துக்கு மூன்று நாள் வந்தார். எங்க தொழில்ல கடைசியா வைக்கறதை இதுல மொதல்ல வைக்கோணுங்க, தலை சுத்துது என்பார். ஒரு மொகம் வேணுமுங்க, சும்மா மனசுல இருந்து வராது, பழைய படம் ஏதாச்சு இருந்தாக் குடுங்க என்றார். இல்லை என்றேன். முதல் நாள் வெறும் பல்வரிசை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார், நிலா, படகு எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு வரிசைப் பல். அப்போதுதான் என் சம்சாரம் ஈஸ்வரி டீ கொண்டுவந்தாள். பார்த்தாள். ஏனுங்ணா, பல்ல மட்டும் தொங்க உட்டிருக்கறீங்க என்றாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள். போட்டோவில் எல்லாம் உதட்டை இறுக்கி மூடிக்கொள்கிறவள், தெத்துப்பல் தெரிந்துவிடும் என்று கல்யாண ஆல்பம் முழுக்க ஊமை மாதிரி நிற்கிறவள், டீ டம்ளர் தளும்பத் தளும்ப வாயைத் திறந்து சிரித்தாள். சிகாமணி அவள் சிரிப்பையே பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு, போட்ட பல்லில் ஒன்றை பிளேடால் சுரண்டி எடுத்து, அதையே கொஞ்சம் சாய்த்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் என் வாழ்க்கையில் நடந்தது எல்லாமே நான் பார்த்துக்கொண்டிருக்க நடந்ததுதான். மெஷினை மாட்டி விளக்கைப் போட்ட அன்று ஈஸ்வரி வந்து நின்றாள், வெகுநேரம் நின்றாள். இது யாருங்க என்றாள். யாரோ வெள்ளைக்காரி என்றேன். என்னையாட்டவே இருக்குது என்றாள். உனக்குத் தெத்துப்பல் இடப்பக்கம், இவளுக்கு வலப்பக்கம், எங்கிருந்து உன்னையாட்ட இருக்குது என்றேன். பின்னாலிருந்து வரைந்ததில் பக்கம் மாறிப்போயிருந்தது, அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதுக்கு மேல் அவள் கேட்கவில்லை. தினமும் பட்டறையைக் கூட்டும்போது இந்த மெஷினை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டுப் போவாள், முன்பக்கம் மட்டும்.

நாலாவது குச்சி. கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஊசிமுனை அளவு திறந்துகொண்டது, என் டார்ச் வெளிச்சம் அதன் வழியாகப் போய் அவன் சட்டையில் ஒரு புள்ளியாக விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். அடியில் வேறு நிறம் வரவில்லை என்று நெற்றியைச் சுருக்கினான். இப்போதாவது சொல். அடியில ஒண்ணும் இல்லீங்க. வாயைத் திறந்தேன். தேய்க்காதீங்க தம்பி, ஒத்தி எடுங்க, தேய்ச்சா பக்கத்துல இருக்கற ஒரிஜினல் போயிரும் என்றேன். இதுதான் வந்தது. தொழில் புத்தி. சாகிறவனுக்கு நாடி பிடிக்கிற நேரத்தில் கட்டில் கால் ஆடுவது கண்ணில் படுமே, அந்த மாதிரி. நீங்க சொல்றது கரெக்ட் சார் என்று அவன் ஒத்தி ஒத்தி எடுக்க ஆரம்பித்தான், அழகாக, என் பேச்சைக் கேட்டு. முகம் என் யோசனைப்படி போய்க்கொண்டிருக்கிறது. நான் இதை எல்லாம் விற்காமலே இருந்திருக்கலாம். விற்காமல் இருக்க முடியுமா என்ன. மாடியில்தான் எங்கள் படுக்கையறை, ஈஸ்வரியால் இனி படி ஏற முடியாது, கீழே இருக்கிற ஒரே அறை இந்தப் பட்டறை, இதில்தான் கட்டில் போட வேண்டும், கட்டில்கூட வந்து வாசலில் மடக்கிச் சாத்தியிருக்கிறது. மெஷினையும் கட்டிலையும் சேர்த்துப் போட இது மண்டபம் இல்லை. வேறு யாராவது வாங்குவார்களா என்று ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போன் பேசியதுதான் மிச்சம். ஒரு காலத்தில் எடைக்குப் போட்டார்கள், அப்போது நான் பொறுக்கினேன், பதினொரு மெஷின். அப்புறம் ஓட்டல்காரர்களும் மால்காரர்களும் தேடி வந்தார்கள், பளபளன்னு இருக்கோணும் என்றார்கள், பத்தை பளபளன்னு ஆக்கினேன், பலகையைத் தேய்த்து லேக்கர் அடித்து, கால்களுக்குக் குரோமியம் பூசி, புதுசிலும் புதுசாக. அதையெல்லாம் வாங்கினவர்கள் இப்போது விற்க முடியாமல் என்னைத் திட்டுகிறார்களாம். காற்று மாறிப்போச்சு. பழசு பழசாவே இருக்கோணும், யார் கையும் படாமல் இருக்கோணும், தேய்ந்த இடம் தேய்ந்தே இருக்கோணும். இந்த ஒன்றை மட்டும்தான் அந்தப் பனியன் வேஸ்ட்டு பயத்தில் நான் தொடவே இல்லை. பலகையில் பந்து ஓடின தடம், பொத்தான் பக்கத்தில் எஸ்டேட்டு துரைகளின் மோதிரம் உரசின கீறல், எல்லாம் அப்படியே. நான் ஒழுங்காகச் செய்த பத்தும் குப்பை, பயந்துபோய் விட்டுவைத்த ஒன்று பொக்கிஷம். சிரிப்பதா அழுவதா.

போன் அடித்தது. டார்ச்சை ஆட்டாமல் இடது கையால் எடுத்தேன், மைதிலி. அப்பா, டிஸ்சார்ஜ் ஆயாச்சுங்கப்பா, ஆம்புலன்ஸ்ல வந்துட்டிருக்கறோம், பாலத்தைத் தாண்டியாச்சு, ரூம் காலி பண்ணீட்டீங்களா? பண்ணிட்டே இருக்கறம் கண்ணு என்றேன். இன்னும் அந்த மெஷின் போகலியாப்பா, நான் நேத்தே சொன்னனல்லோ. போயிரும் கண்ணு, கண்ணாடி மட்டும் பாத்துட்டிருக்கறாங்க. அம்மா எப்படி? அம்மா நல்லா இருக்கறாங்க, பேசோணும்னு பாக்கறாங்க, வார்த்தை வர மாட்டீங்குது என்றாள். வைத்துவிட்டாள். நாற்பத்தாறு நாளுக்கு முன்னால் காலையில் சாம்பார் கரண்டியோடு திரும்பினவள் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தாள், நான் பிடிக்கிறதுக்குள் முகம் இழுத்துக்கொண்டுவிட்டது, இடப்பக்கம். மெழுகு வழிந்தது போல. டாக்டர் கையும் காலும் கொஞ்சம் திரும்பிவிடும் என்றார். முகம்? பார்க்கலாங்க என்றார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து மாற்றுத்துணி எடுத்தபோது ஆல்பத்தையும் எடுத்துப் பார்த்தேன், கல்யாணம், காதுகுத்து, மைதிலி பட்டம் வாங்கினது, எல்லாவற்றிலும் உதட்டை மூடிக்கொண்டு நிற்கிறாள். செல்போனிலும் அப்படித்தான், எடுக்கிறேன் என்று தெரிந்தால் வாயை மூடிவிடுவாள். அவள் சிரிக்கிற படம் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது படகில் இருக்கிறது, பக்கத்தில் ஒருத்தன் குழல் ஊதுகிறான், தலைக்கு மேல் நிலா. கீழே வந்து மெஷினைப் போட்டு அதன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அப்போதே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்க வேண்டியதுதானே என்றால், கண்ணாடி இல்லாத மெஷினை எவன் எடுப்பான், எடுக்காவிட்டால் கட்டில் எங்கே போடுவது, கட்டில் போடாமல் அவளை எங்கே படுக்கவைப்பது, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கும். செல்போனில் இந்த முகத்தை ஒரு போட்டோவாவது எடுத்து வைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது. பார்க்கிறேன், கன்னம் போயிருக்கிறது. நெற்றி போயிருக்கிறது. கண்ணின் கருமணி உதிர்ந்து அந்த வெள்ளைப்புள்ளி மட்டும் நிற்கிறது, அதையும் ஒத்தினான். இந்தப் பக்கம் முகம் அப்படியே இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டே இருந்த நேரத்தில் எல்லாம் ஒன்றாகப் போயிருக்கிறது.

பிரஜ்வல் நிமிர்ந்தான். ஒண்ணுமே இல்லையே சார் என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். வெறும் கண்ணாடிதான் சார், பழைய முகம் முன்னாடியே போயிருக்கு, தெரிஞ்சிருந்தா இதைத் தொட்டிருக்கவே மாட்டேன், வரைஞ்சவர் நல்லாத்தான் வரைஞ்சிருந்தார். பரவால்ல, அமெரிக்காவுல இருந்து பிரின்ட் வரவைச்சு ஒட்டிக்கலாம், மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு, நான் எடுத்துக்கறேன் என்றான். எடுத்துக்குங்க என்றேன். தெரிந்திருந்தால் தொட்டிருக்க மாட்டானாம். அதை என்னிடம் சொல்கிறான். டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். படகு இருக்கிறது, குழல்காரன் இருக்கிறான், கைதட்டுகிறவர்கள் நடுவில் இருக்கிற ஓட்டையைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். ஓட்டைக்கு நடுவில் அரிசி அளவில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சாய்ந்த பல். முதலில் வைத்தது, கடைசியில் நிற்கிறது. அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம், மைதிலியின் குரல், மெதுவாங்க, படி இருக்குது, மெதுவாங்க. போக வேண்டும், கை கொடுக்க வேண்டும், அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஜ்வல் நாகரிகமாக ஒதுங்கி நின்றான். அவனுக்குப் பின்னால்தான் கதவு. சக்கர நாற்காலி உள்ளே வந்தது, நின்றது, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், முகம் இருந்த இடத்தின் வழியாக ஈஸ்வரியின் முகம் தெரிந்தது. என் டார்ச் வெளிச்சம் அவள் மேல் விழுந்தது, கண்ணைச் சுருக்கினாள். கீழே இறக்கினேன். அவள் மெஷினைப் பார்க்கவில்லை, கட்டில் போட வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை, நேராகக் கண்ணாடியைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அதைப் பார்த்தது விளக்கைப் போட்ட அந்த நாள் மட்டும்தான்.

அம்மா என்னமோ சொல்றாங்கப்பா, புரியல என்றாள் மைதிலி. நான் சுற்றிக்கொண்டு போய் நாற்காலி முன்னால் குனிந்தேன். வாய் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது, எச்சில் ஒழுகியது, என் துண்டால் துடைத்தேன். பல்ல, என்றாள். மட்டும், என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். தொங்க உட்டிருக்கறீங்க. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. பொம்மனாட்டி முப்பது வருஷம் தெரிந்துவைத்துக்கொண்டு முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிக்கப் பார்த்தாள். வலப்பக்கம் உதடு மேலே போனது. நான் இடப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், தெத்துப்பல் இருக்கிற பக்கம். அது அசையவில்லை. தெரியலீங்கன்னு சொல்லிட்டேன் ஈஸ்வரி, யாருன்னு கேட்டான், தெரியலீங்கன்னுட்டேன் என்றேன், மைதிலி இருக்கிறாள், அந்தப் பையன் இருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. வலது கையை மடியிலிருந்து தூக்கிக் கண்ணாடியைக் காட்டினாள். அதையும், என்றாள். தொடச்சிருங்க. வேண்டாம் என்று தலையாட்டினேன். கை கீழே இறங்கவே இல்லை, அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள், பலம் இல்லாத கை எவ்வளவு நேரம் அப்படி நிற்கும். பிரஜ்வலைப் பார்த்துக் கையை நீட்டினேன். புதுக் குச்சி ஒன்றை நனைத்துக் கொடுத்தான். முப்பது வருஷம் கழித்துக் கண்ணாடியின் பின்பக்கத்தில் இரண்டாவது தடவையாகக் கை வைத்தேன். தேய்க்கவில்லை, ஒத்தி எடுத்தேன். உடனே வரவில்லை. இன்னொரு தடவை ஒத்தினேன், வந்துவிட்டது.